டிரஸர் போன பிறகு

பாட்டியின் பிளாஸ்டிக் பையில் மூன்று அட்டைகள் இருக்கின்றன. ஒன்று சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மருந்து வாங்கும் கிளினிக்கினுடையது. இன்னொன்று பக்கவாதம் வந்தபோது சேர்த்த மருத்துவமனை கொடுத்தது. மூன்றாவது பிசியோதெரபிக்கு. மூன்றிலும் தேதி வேறு வேறு. ஓர் இடத்தில் மாத்திரையை மாற்றினால் அதை அடுத்த இடத்தில் போய்ச் சொல்வது அம்மாதான். "எல்லாருக்கும் நான்தான் தபால்காரி" என்பார்.

பாட்டிக்கு இதெல்லாம் வேடிக்கையாக இருக்கிறது. "தோட்டத்துல டிரஸர் ஒருத்தர் போதும்டா. எந்த லயத்துல யாருக்குக் காய்ச்சல், எவன் குடிச்சிட்டு வந்து அடிக்கிறான், எல்லாம் அவருக்குத் தெரியும்." சுங்கை பெசாருக்குக் குடிவருமுன் வடசிலாங்கூர் தோட்டமொன்றில் முப்பது வருடத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர். அவர் சொல்வது எவ்வளவு உண்மை என்று பார்க்கத்தான் தோட்ட ஆஸ்பத்திரிகளின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கினேன்.

அவை கருணையால் வந்தவை அல்ல. ஆரம்பக் காலத் தோட்டங்களில் மலேரியாவால் ஆட்கள் கொத்துக் கொத்தாக இறந்தார்கள். 1901இல் கிள்ளானுக்கு அரசு மருத்துவராக வந்த மால்கம் வாட்சன் சதுப்பு நீரை வடியவைத்து மலேரியாவைக் குறைத்தார். பிறகு தோட்டங்களும் அந்த வழியைப் பின்பற்றின. செலவழித்துக் கப்பலில் கொண்டுவந்த ஆள் செத்தால் தோட்டத்துக்கு நட்டம், கணக்கு அவ்வளவுதான். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தொகுப்பு மருத்துவ வசதியை முதலாளியின் கடமைகளில் ஒன்றாக வைத்தது. 1965இல் தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவுசெய்யத் தனிச் சட்டமே வந்தது.

வீடு, தண்ணீர், ஆயாக்கொட்டகை, மருந்து எல்லாம் ஒரே நிர்வாகத்தின் கீழ் இருந்தன. டிரஸரும் தோட்டத்திலேயே குடியிருந்தார். ஒருத்தி பெரட்டுக்கு வரவில்லை என்றால் அவர் காதுக்கு எட்டிவிடும். பாட்டி சொல்வது பொய்யில்லை.

ஆனால் டிரஸருக்குச் சம்பளம் கொடுத்தது தோட்டம். "அவரு சீட்டு குடுக்கலன்னா காய்ச்சலோட மரம் வெட்டப் போவணும்" என்றதும் இதே பாட்டிதான். 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலையில்லாத பல்லாயிரம் பேர் தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். உடம்பு உழைக்கும்வரைதான் பராமரிப்பு. பாட்டிக்கும் வேலை முடிந்தபோது லயத்து வீடு போனது. வீட்டோடு டிரஸரும் போனார்.

பிறகு ரப்பர் செம்பனையானது, தோட்டங்கள் துண்டானது, சனங்கள் பட்டணத்து ஓரங்களுக்கு வந்தது எல்லாம் நமக்குத் தெரிந்த கதை. அரசு கிளினிக்கில் ஒரு வெள்ளிக்கு மருத்துவரைப் பார்க்கலாம். வைத்தியம் என்று பார்த்தால் டிரஸர் காலத்தைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் நோய் சுகாதார அமைச்சிடம், சமூகநல உதவி மகளிர் அமைச்சிடம், சொக்சோ மனிதவள அமைச்சிடம். படுத்த படுக்கையாக இருப்பவரைக் கவனிப்போருக்குச் சமூகநல இலாகாவில் உதவித்தொகை உண்டு. அதற்கு மருத்துவர் கையெழுத்து வேண்டும். கையெழுத்துக்கு நோயாளியை நேரில் கொண்டுவரச் சொன்னார்கள். எழுந்து உட்கார முடியாத பாட்டியைப் பக்கத்து வீட்டு அண்ணனும் நானும் போர்வையோடு தூக்கிக் காரில் வைத்தோம். கிளினிக் தாதியர் வீட்டுக்கே வந்து பார்க்கும் சேவை ஒன்று இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியவே ஒரு வருடமானது.

நான் பொறியாளன். குழாய் பெரும்பாலும் நடுவில் கசியாது, இரண்டு குழாய்கள் சேரும் இடத்தில்தான் கசியும். அந்த இடம் யார் பொறுப்பு என்று வரைபடத்தில் எழுதாவிட்டால் யாரும் அதைத் திறந்து பார்க்க மாட்டார்கள். எங்கள் வீட்டில் அந்த இடத்தில் நிற்பது அம்மா.

2021இல் தமிழ்நாட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளையும் பிசியோதெரபியையும் வீட்டுக்கே கொண்டுபோகிறது. இங்கும் அதுபோல ஒருவர் வேண்டும். நம் குடும்பத்தைத் தெரிந்தவராக, மூன்று அட்டைகளையும் ஒன்றாகப் படிப்பவராக, போன் போட்டால் எடுப்பவராக. டிரஸர் மாதிரிதான், ஆனால் துரைக்குப் பதில் சொல்லத் தேவையில்லாத டிரஸர்.

போன மாதம் அம்மாவுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. தைலம் தேய்த்துக்கொண்டு மறுநாளும் பாட்டியைத் தூக்கிக் குளிப்பாட்டினார். இத்தனை வருடத்தில் எந்த முகப்பிலும் யாரும் அவரிடம், "நீங்க எப்படி இருக்கீங்க?" என்று கேட்டதில்லை. அந்தப் பையில் அம்மாவுக்கென்று அட்டை ஒன்றும் இல்லை.