முன்கைத் தடிப்பு: மைக்கோபாக்டீரிய இனங்களை நம் அணுக்கள் பிரித்தறிந்த வரலாறு

காசநோய்க் கிருமியின் சாற்றை முன்கைத் தோலில் ஏற்றும் மாண்டூ பரிசோதனை செய்த கையை அளப்பதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. சிவந்த இடம் கணக்கில் வராது. விரலால் தடவி, தடிப்பின் விளிம்புகளைக் கண்டு, கைக்குக் குறுக்காக மில்லிமீட்டரில் அளக்க வேண்டும். ஊசி போட்ட இரண்டு மூன்று நாளில் அங்கே வந்து குவிந்த நோயெதிர்ப்பு உயிரணுக்களான டி அணுக்களும் மேக்ரோஃபேஜ்களும்தான் அந்தத் தடிப்பு. 1908இல் இம்முறை அறிமுகமானபோது, தடிப்பு என்றால் உடலில் காசநோய்க் கிருமி நுழைந்திருக்கிறது என்றே பொருள் கொண்டார்கள். டி அணுக்கள் அந்தக் கிருமியின் சொந்தக்காரர்களையும் நினைவில் வைத்திருக்கும் என்பது தெளிவாக அரை நூற்றாண்டு பிடித்தது.

மண்ணிலும் நீரிலும் வாழும் அந்தச் சொந்தக்காரர்களான மைக்கோபாக்டீரியாக்களை ஆய்வாளர் ரன்யன் 1959இல் நான்கு குழுக்களாக வகுத்தார். அவற்றைச் சேர்ந்த பேட்டி நுண்ணுயிரிலிருந்து எடுத்த பி.பி.டி.-பி என்ற சாறு, காசநோய் அறியாத கைகளையும் தடிக்க வைத்தது.

இந்தப் பிற இனத் தடிப்பின் முழுத் தாக்கமும் தெரிந்த இடம் செங்கல்பட்டு மாவட்டம். 1968இல் அங்கே தொடங்கிய, பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசியின் ஆய்வில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குத் தடுப்பூசியோ போலி ஊசியோ போடப்பட்டது. 1979இல் வந்த முதல் அறிக்கை, பெரியவர்களின் நுரையீரல் காசநோயை ஊசி தடுக்கவில்லை என்றது. பிரிட்டனில் பள்ளி முடிக்கும் வயதினருக்கு நல்ல பாதுகாப்புத் தந்த தடுப்பூசிதான் இதுவும். பழி சுற்றுச்சூழல் இனங்கள்மேல் விழுந்தது: அவை முன்பே பழக்கிவிட்ட உடலில் ஊசி புதிதாகச் செய்ய மிச்சமில்லை என்றார்கள். அப்பகுதியில் பத்து வயதைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் பி.பி.டி.-பி தடித்தது. ஆனால் எல்லோருக்கும் தடித்தால் யாரோடு யாரை ஒப்பிடுவது? இந்த விளக்கத்தைத் தீர்ப்பாக எழுதிவிடும் பாடநூல்கள் அவசரப்படுகின்றன என்பது என் கருத்து.

மனித அணுக்களிலிருந்து நேரடிச் சான்று 2002இல் வந்தது. மலாவி, பிரிட்டன் இளையோரின் ரத்தத்தைக் காசநோய்க் கிருமியின் புரதங்களோடு வைத்து, அணுக்கள் சுரக்கும் இன்டர்ஃபெரான் காமாவை அளந்தார்கள். மலாவியினரிடம் பி.சி.ஜி. ஊசிக்கு முன்பே அது கூடுதலாக இருந்தது. ஊசிக்குப் பின் ஏறியதோ பிரிட்டனைவிடக் குறைவு. அதே மலாவியில் பி.சி.ஜி. காசநோயைத் தடுக்காமல் தொழுநோயைப் பாதியளவு தடுத்தது. அந்த வேடிக்கைக்கு மேற்சொன்ன விளக்கம் முழுதாகப் பதில் சொல்லவில்லை.

டி அணுக்களுக்கு முன்பே, கிருமியை விழுங்கும் அணுவுக்குள்ளேயே இனங்களின் வழி பிரிகிறது. 2007இல் ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் அத்தகைய விழுங்கும் அணுக்களான மனித டென்ட்ரைட்டிக் அணுக்களை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது, காசநோய், தொழுநோய்க் கிருமிகள் சில நாட்களில் விழுங்கிய பையை விட்டு அணுத் திரவத்துக்குள் வந்திருந்தன. தடுப்பூசியில் உள்ள பி.சி.ஜி. கிருமியோ பையிலேயே கிடந்தது. பி.சி.ஜி. இழந்திருந்த ஆர்.டி.1 என்ற மரபணுத் துண்டே காரணம். 1921இல் மனிதருக்குத் தரப்படுமுன், கால்மெட்டும் கெரானும் பதின்மூன்று ஆண்டுகள் 230 முறை மறுவளர்ப்புச் செய்ததில் அது உதிர்ந்தது.

அத்துண்டு தரும் ஈசாட்-6, சி.எஃப்.பி.-10 என்ற இரண்டு புரதங்களே இன்றைய புதிய தோல் பரிசோதனையின் மருந்து. பி.சி.ஜி. போட்ட கை இதற்குத் தடிக்காது. சுற்றுச்சூழல் இனமான ஏவியத்தை மட்டும் சந்தித்த கையும் தடிக்காது. கன்சாசி போன்ற சில இனங்களிடமும் இதே புரதங்கள் உண்டு என்பதால் அந்தச் சில சொந்தக்காரர்களிடம் இப்பரிசோதனை இன்னும் ஏமாறுகிறது. முன்கையும் இரண்டு மூன்று நாள் காத்திருப்பும் மாறவில்லை.