வித்தும் நிலமும்

வன்னியிற் காலபோகத்துக்கு விதைக்கும் உழவன் ஓர் உண்மையை நன்கறிவான். ஒரே நெல்லாயினும் குளத்தின் கீழுள்ள வயலில் ஒருவாறாகவும் மேட்டுமணலில் வேறொருவாறாகவும் முளைக்கும். வித்து நன்றாயினும் நிலமும் இசைதல் வேண்டும். மருத்துவ வரலாற்றில் இவ்வுண்மையை உணர்த்தியவை கண்ணோயும் மார்புப் புற்றுநோயுமேயாம்.

ஆஸ்திரிய நாட்டுக் கண்வைத்தியர் ஏர்ணஸ்ற் பூக்ஸ் 1882 இல் கண்ணிலெழும் புற்றைப்பற்றி ஆராய்ந்தவிடத்து, அது பரவுங்காற் சில உறுப்புகளே அதற்கு இடங்கொடுக்குந் தன்மையுடையன எனக் கருதினார். இலண்டன் வைத்தியர் ஸ்டீபன் பஜெற் 1889 இல் அக்கருத்தை எடுத்தாண்டார். மார்புப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் வரலாறுகளை அவர் நோக்கினார். ஈரலிற் புற்றுப் பரவியவர் 241 பேர். மண்ணீரலிற் பரவியவர் 17 பேர் மாத்திரமே. குருதி இரண்டுக்குஞ் செல்கின்றதன்றோ? ஆகவே, புற்றணு வித்தென்றும் உறுப்பு நிலமென்றும் அவர் விளக்கினார்.

அவ்வித்து ஏற்கும் நிலங்களுள் கண்ணும் ஒன்று. விழித்திரைக்கும் வன்கோதுக்கும் இடையிலுள்ள தோலுரு என்னும் படை குருதிக்கலன்கள் நிறைந்தது. பிலடெல்பியாக் கண்வைத்தியர்கள் 1997 இல் வெளியிட்ட ஆய்வில், பிறவுறுப்பிலிருந்து இத்தகைய கண்படைகளிற் புற்றுப் பரவிய 420 நோயாளருள் நூற்றுக்கு 47 பேருக்கு மூலநோய் மார்பிலேயே இருந்தது. மருந்தினாலுங் கண் ஊறுபடலாம். தமொக்சிபென் என்னும் மருந்தைப் பேரளவில் உண்டோரின் விழித்திரை பழுதுற்றமை 1978 இல் அறிவிக்கப்பட்டது.

இவ்வறிவு வன்னி மக்களுக்கு யாது பயன் தரும்? புற்றுநோய்க்குத் தெல்லிப்பழைக்கோ மகரகமைக்கோ சென்று மீண்ட தாயொருத்தி, சில ஆண்டுகளின் பின் பார்வை மங்கக் கண்டு அயலிலுள்ள கண் மருத்துவ நிலையத்தை நாடுகின்றாள். இரண்டுக்குந் தொடர்பில்லையென எண்ணியோ, நாணத்தாலோ பழைய நோயைக் கூறாது விடுதல் கூடும். மங்கற்பார்வை பெரும்பாலும் வெண்படலத்தாலோ முதுமையாலோ வருவதே, அஞ்ச வேண்டுவதில்லை. ஆயினும் அவ்வொரு சொல்லைக் கேட்ட வைத்தியர் விழியின் அடித்தளத்தை ஊன்றி நோக்குவார். பரவிய புற்றாயின் கதிர்ச் சிகிச்சையாலும் மருந்தாலும் பார்வையைப் பலகாற் காத்தல் இயலும், காலந்தாழ்ப்பின் அரிது.

1860களில் மானிப்பாயிற் கிறீன் வைத்தியர் தமிழிலேயே மருத்துவங் கற்பித்தார். அவருடைய ‘இரணவைத்தியம்’ 1867 இல் வெளிவந்தது. அறிவு நோயாளியின் மொழியில் வழங்கல் வேண்டுமென்பதற்கு அவர் பணியே சான்று. கற்றோர் தம் இல்லத்துத் தாயர்க்கும் அயலார்க்கும் இதனை எளிய தமிழில் எடுத்துரைப்பாராயின் அப்பணி தொடர்ந்ததாகும்.