புல்வெட்டும் இயந்திரம்: துணி ஆலையில் பிறந்த கத்தி

புல்வெட்டும் இயந்திரம், புல்வெளியைச் சீரான உயரத்தில் நறுக்கும் கருவி. கம்பளித் துணியை மழிக்கும் ஆலை இயந்திரத்தைப் பார்த்து 1830-ல் இங்கிலாந்தில் இது உருவாக்கப்பட்டது. அதே முறையில் இயங்கும் 'ஷியரிங்' இயந்திரங்கள் இன்று திருப்பூரின் பின்னலாடைத் தொழிலில் பயன்படுகின்றன. இவ்விரண்டையும் சுத்தம் செய்து ஓய்வில் வைக்கும் முறைகளும் ஒத்தவை.

பின்னணி

கம்பளித் துணியை நெய்தபின் அதன் மேல் இழைகளை எழுப்பி, அவற்றைச் சம உயரத்தில் கத்தரிப்பது ஐரோப்பிய நெசவின் இறுதிப் பணி. இதற்கான கைக்கத்தரி ஏறத்தாழ நான்கடி நீளமும் 18 கிலோ எடையும் கொண்டது. அதைக் கையாளத் தெரிந்தவர்கள் நல்ல கூலி பெற்றனர். நீர்விசையால் கத்தரிகளை இயக்கும் சட்டங்கள் வந்தபோது அவர்களின் பிழைப்பு ஆட்டம் கண்டது. 1812 ஏப்ரலில் யார்க்‌ஷயரின் ராஃபோல்ட்ஸ் ஆலையை லுடைட்டுகள் எனப்பட்ட தொழிலாளர்கள் தாக்கினர். தாக்க வந்தோரில் இருவர் குண்டுக் காயத்தால் இறந்தனர். 1813 ஜனவரியில் யார்க் நகரில் லுடைட்டுகள் பலர் தூக்கிலிடப்பட்டனர்.

அடுத்து வந்தது சுழல் கத்தி. உருளையின்மேல் திருகுபோல் வளைத்துப் பொருத்திய கத்திகள், அசையாத ஒரு தட்டைக் கத்தியை உரசுவதுபோல் நெருங்கிச் சுழலும். இடையில் வரும் இழை கத்தரிபடும். இவ்வகை இயந்திரம் ஒன்றுக்கு ஸ்ட்ரவுட் பகுதியைச் சேர்ந்த ஜான் லூயிஸ் 1815-ல் காப்புரிமை பெற்றார்.

ஆலையிலிருந்து புல்வெளிக்கு

அதே ஸ்ட்ரவுட் பகுதியில் இயந்திரப் பணியாளராக இருந்தவர் எட்வின் பியர்ட் பட்டிங். துணியின் இழையை வெட்டும் கத்தி புல்லையும் வெட்டும் என்று அவர் கண்டார். ஜான் ஃபெராபி என்பவரைக் கூட்டாளியாகக் கொண்டு, 1830 ஆகஸ்ட் 31 அன்று காப்புரிமை பெற்றார். இயந்திரத்தின் வெட்டும் அகலம் 19 அங்குலம். பின்னால் உள்ள உருளை தரையில் உருள, பற்சக்கரங்கள் வழியே கத்தி சுழன்றது. இப்ஸ்விச் நகரின் ரான்சம்ஸ் நிறுவனம் 1832-ல் உரிமம் பெற்று இதைத் தயாரித்தது. பெட்ரோல் இயந்திரங்களை அந்நிறுவனம் 1902-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

இதனால் வேலை நேரமும் மாறியது. நீண்ட அரிவாளால் புல் அறுப்பவர்கள், பனியில் நனைந்த புல் எளிதில் அறுபடும் என்பதால் விடியலிலேயே தொடங்குவர். சுழல் கத்திக்கோ உலர்ந்த புல் வேண்டும். ஈரப்புல் கத்தியில் ஒட்டி, இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். குளிர்காலத்தில் புல் வளர்ச்சி நின்று இயந்திரம் பல வாரங்கள் சும்மா கிடக்கும் நாடுகளில், துடைத்து எண்ணெயிட்டு வைப்பது ஆண்டு வழக்கமாயிற்று.

திருப்பூரில்

திருப்பூரில் 'பிளீஸ்' துணியின் பின்புற இழைகளைக் கம்பி முட்கள் கொண்ட உருளைகள் எழுப்புகின்றன. இது 'ரைசிங்'. எழுந்த இழையைச் சமன்செய்வது 'ஷியரிங்'. இங்கே கத்திக்கு எதிரி பஞ்சுத் தூசி. அதைக் காற்றால் உறிஞ்சி அகற்றுவர். எண்ணெயில் நனைந்த கம்பளிப் பட்டை சுழல் கத்தியைத் தொட்டபடி இருக்கும். இடைவெளி கூடினால் இழை சீராக வெட்டுப்படாது. குறைந்தால் கத்தி சூடேறித் தேயும்.

தமிழகத்தில் புல் உறங்கும் பனிக்காலம் இல்லை. நீர் குறைந்த கோடையிலும், புல்தரை நனைந்து கிடக்கும் அடைமழை நாட்களிலும் இயந்திரம் நிற்கிறது. வடகிழக்குப் பருவமழையை ஒட்டி வரும் ஆயுத பூஜைக்குப் பனியன் கம்பெனிகளில் இயந்திரங்களை நிறுத்தி, தூசி தட்டி, துடைத்துப் பொட்டு வைக்கிறார்கள். புல்வெட்டும் இயந்திரத்தைச் சுத்தம் செய்யவும் அது பொருத்தமான காலம்.

சுத்தமும் இருப்பும்

- பெட்ரோல் இயந்திரமானால் முதலில் ஸ்பார்க் பிளக் ஒயரைக் கழற்ற வேண்டும். கத்தியைக் கையால் திருப்பும்போது எஞ்சின் தற்செயலாக இயங்கிவிடாமல் இது தடுக்கும்.
- ஒட்டிய புல்லை மரத்துண்டால் சுரண்டி, நன்கு உலர்த்த வேண்டும். சாய்க்கும்போது காற்று வடிகட்டி மேற்புறம் இருக்க வேண்டும்; இல்லையேல் எண்ணெய் அதில் புகும்.
- நீண்ட நாள் தேங்கும் பெட்ரோல் பிசினாகிக் கார்புரேட்டரை அடைக்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தையும் ஈர்க்கும். எனவே தொட்டியைக் காலி செய்வது நல்லது.
- பழைய எஞ்சின் ஆயிலை மாற்றி, கத்திகளில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு தந்து, நனையாத இடத்தில் வைக்க வேண்டும்.

உருளைக் கத்தி இயந்திரத்தில் மேலும் ஒரு சோதனை உண்டு. கையுறை அணிந்து, செய்தித்தாள் துண்டை இரு கத்திகளுக்கும் நடுவே நீட்டி உருளையை மெல்லத் திருப்ப வேண்டும். கத்தியின் முழு நீளத்திலும் தாள் சுத்தமாக வெட்டுப்பட்டால் இடைவெளி சரி. ஓரிடத்தில் மடங்கிக் கிழிந்தால், அங்கே கத்தி தேய்ந்திருக்கிறது அல்லது இடைவெளி கூடியிருக்கிறது.