ஐம்பத்தைந்து மைல் சட்டம்

1974 ஜனவரி 2 அன்று அமெரிக்க அதிபர் ரிச்சர்ட் நிக்சன் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். நாட்டின் எந்த நெடுஞ்சாலையிலும் மணிக்கு 55 மைலுக்கு மேல், அதாவது சுமார் 89 கிலோமீட்டருக்கு மேல், வண்டி ஓடக்கூடாது. ஒத்துக்கொள்ளாத மாநிலத்துக்குச் சாலைப் பணிக்கான மத்திய நிதி கிடையாது. அதுவரை, போர்க்காலம் தவிர, வேக வரம்பு மாநிலங்களின் விவகாரமாக இருந்தது. மேற்கே பல மாநிலங்களில் 70, 75 மைல் வரை போக முடிந்தது. மொன்டானாவிலும் நெவாடாவிலும் பகலில் இத்தனை மைல் என்ற கணக்கே இருக்கவில்லை.

காரணம் எண்ணெய். 1973 அக்டோபரில் எகிப்தும் சிரியாவும் இஸ்ரேலோடு மோதின. இஸ்ரேலுக்கு ஆயுதம் அனுப்பிய அமெரிக்காவுக்கு எண்ணெய் இல்லை என்று அரபு நாடுகள் கைவிரித்தன. 3 டாலர் அளவில் இருந்த ஒரு பீப்பாய், 1974 தொடக்கத்தில் 12 டாலரை நெருங்கியது. பெட்ரோல் பங்குகளில் கார்கள் வரிசை கட்டி நின்றன. எல்லோரும் 55 மைலில் ஓட்டினால் நாளொன்றுக்கு 2 லட்சம் பீப்பாய் வரை மிஞ்சும் என்று நிக்சன் கணக்குச் சொன்னார்.

நாடு முழுக்க வேகத்தைக் கட்டுப்படுத்துவது அமெரிக்காவுக்கு இது முதல் தடவை அல்ல. 1942-இல் ஜப்பான் மலாயாவையும் டச்சு இந்தியத் தீவுகளையும் பிடித்தபோது, அமெரிக்காவுக்குப் போய்க்கொண்டிருந்த ரப்பரில் 90 சதவீதத்துக்கும் மேல் நின்றுபோனது. அந்த மலாயா ரப்பரில் பெரும்பகுதி, இங்கிருந்து கப்பலேறிப் போன தமிழர்கள் விடியுமுன் எழுந்து மரம் சீவி எடுத்த பால். டயர் தேயாமல் காக்க, பெர்னார்ட் பரூக் தலைமையிலான குழு மணிக்கு 35 மைல் வரம்பைப் பரிந்துரைத்தது. அந்த ஆண்டே அது நடைமுறைக்கு வந்தது. 1945-இல் போர் முடிந்ததும் வரம்பும் போனது. தட்டுப்பாடு தீர்ந்ததும் நிதானத்தையும் கைவிடும் பழக்கம் அப்போதே தொடங்கிவிட்டது.

வேகத்தைக் குறைத்தால் எரிபொருள் மிஞ்சுமா என்ற கேள்விக்கு என் வேலையிலிருந்தே பதில் சொல்ல முடியும். அரசுப் பேருந்துப் பணிமனையில் டீசல் கணக்கு எழுதியவன் நான். இரவு வண்டி உள்ளே வந்ததும் டேங்கை நிரப்பி, பிடித்த லிட்டரைக் குறித்து, அன்று ஓடிய கிலோமீட்டரை அதால் வகுப்போம். அதுதான் கே.எம்.பி.எல். ஒரே வண்டி, ஒரே தடம், ஏறக்குறைய அதே கூட்டம். டிரைவர் மாறினால் எண் மாறும். மிதித்து ஓட்டி, கடைசி நேரத்தில் பிரேக் அடிப்பவரின் கணக்கு எப்போதும் கீழேயே இருக்கும். நெடுஞ்சாலை வேகத்தில் இதோடு காற்றும் சேர்ந்துகொள்கிறது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 70 மைலிலிருந்து 55-க்கு இறங்கினாலே அந்த எதிர்ப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும்.

ஆக, நிக்சனின் சட்டத்தில் இயற்பியல் தவறு எதுவும் இல்லை. சிக்கல் ஓட்டுகிறவர்களின் பிழைப்பில் இருந்தது. சட்டம் வருமுன்பே, 1973 டிசம்பரில், சொந்த லாரி வைத்து ஓட்டியவர்கள் பென்சில்வேனியா, ஒஹாயோ நெடுஞ்சாலைகளை மறித்தார்கள். வண்டிக்குள் இருந்த சி.பி. ரேடியோவில் ஒருவரையொருவர் அழைத்துக் கூட்டம் சேர்த்தார்கள். டீசல் விலை ஏறிவிட்டது. கூலியோ ஓடிய மைலுக்குத்தான். வேகம் குறைந்தால் ஒரு நாளில் ஓடும் மைலும் குறையும். அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது. “கே.எம்.பி.எல். கேக்குறீங்க, ரன்னிங் டைம் யார் சார் குடுப்பா?” என்று எங்கள் டிரைவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. நேரத்தைத் தராமல் நிதானத்தைக் கேட்கும் எந்தச் சட்டமும் பாதிவழியில் நின்றுவிடும்.

அங்கேயும் அப்படித்தான் ஆனது. மொன்டானா மாநிலம் மத்திய நிதியை இழக்க மனமில்லாமல் சட்டத்தை ஏற்றது. ஆனால் பகலில் 55-ஐத் தாண்டியவருக்கு அபராதம் வெறும் 5 டாலர். குற்றம், இயற்கை வளத்தை வீணடித்தது. ஓட்டுநர்கள் அந்த இடத்திலேயே தாளை நீட்டிவிட்டுப் பழைய வேகத்தில் போனார்கள். 1979-இல் ஈரான் புரட்சியால் மறுபடியும் தட்டுப்பாடு வந்தது. அதே ஆண்டு முதல், புதுக் கார்களின் வேகமானியில் 55 என்ற எண்ணைத் தனித்துக் காட்ட வேண்டும், 85-க்கு மேல் எண்ணே இருக்கக்கூடாது என்று அரசு விதித்தது. சில ஆண்டுகளில் அந்த விதியும் போயிற்று. பெரும்பாலான மதிப்பீடுகளின்படி, மிஞ்சிய எரிபொருள் 2 சதவீதத்தைத் தாண்டவில்லை.

ஆனால் யாரும் கேட்காத ஒரு பலன் கிடைத்தது. 1973-இல் அமெரிக்கச் சாலைகளில் இறந்தவர்கள் சுமார் 54,000 பேர். 1974-இல் அது 45,000 அளவுக்கு இறங்கியது. பெட்ரோல் இல்லாமல் பலர் வண்டியை எடுக்காததும் இதற்கு ஒரு காரணம். அதைக் கழித்துப் பார்த்தாலும், இந்த வரம்பால் ஆண்டுக்கு 2,000 முதல் 4,000 உயிர்கள் தப்பின என்று 1984-இல் தேசிய ஆராய்ச்சிக் குழுமத்தின் அறிக்கை மதிப்பிட்டது. எங்கள் பணிமனையில் டீசல் ஏடும் விபத்து ஏடும் தனித்தனி. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. ஒரு நாடே அதைச் செய்து பார்த்துவிட்டது என்பதால்தான் இந்த வரலாறு எனக்கு முக்கியமாகப் படுகிறது.

1986-இல் எண்ணெய் விலை சரிந்தது. 1987-இல் நாட்டுப்புறத்து நெடுஞ்சாலைகளில் 65 மைலுக்கு அனுமதி வந்தது. 1995 நவம்பரில் அதிபர் கிளின்டன் கையெழுத்திட, தேசிய வரம்பு முற்றிலும் ரத்தானது. மாநிலங்கள் போட்டி போட்டு வேகத்தை ஏற்றின. டெக்சாஸில் 2012-இல் திறந்த ஒரு சுங்கச்சாலையில் 85 மைல் வரை போகலாம். 1995 முதல் 2005 வரை, வரம்பை உயர்த்தியதால் மட்டும் 12,500-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள் என்று 2009-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது.

எண்ணெய்க்காகப் போட்ட வரம்பு எண்ணெய் மலிந்ததும் செத்துப்போனது. உயிருக்காகப் போட்டிருந்தால் அதை எடுக்க எந்த அரசும் யோசித்திருக்கும். நம் நாற்கரச் சாலைகளில் ஓட்டும் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்கிறேன்: பலகையில் எழுதியிருக்கும் வேகத்தை, பங்கில் எழுதியிருக்கும் விலை ஏறினாலும் இறங்கினாலும் மதியுங்கள். வண்டிகளை அனுப்பும் முதலாளிகளும் கழகங்களும் அதற்கு வேண்டிய நேரத்தை டிரைவருக்குக் கொடுங்கள்.