பெயரன் சுமந்த பெயர்

ஊர்ப்பெயர்கள் வரலாறு பேசும். பேராக் மாநிலத்துக் கமுந்திங், கெமுந்திங் என்னும் காட்டுச் செடியின் பெயரைத் தாங்கி நிற்பது. அதன் அண்டை நகராகிய தைப்பிங், லாருட் சண்டைகள் ஓய்ந்த பின்னர், நிலைத்த அமைதி எனப் பொருள்படும் சீனச் சொல்லால் பெயர் பெற்றது. தமிழர் தம் ஆண்மக்களுக்கு இட்ட பெயர்களும் இவ்வாறே வரலாறு பேசுவன.

பாட்டனின் பெயரைப் பெறுவோன் பெயரன். அச்சொல்லே பேரன் என மருவிற்று. ஆதன், பூதன் என்னும் இயற்பெயர்கள் தந்தை என்னும் சொல்லோடு புணருங்கால் ஆந்தை, பூந்தை என வருதலைத் தொல்காப்பியம் கூறுகின்றது. கீழடியில் கிடைத்த பானை ஓடுகளிலும் ஆதன், குவிரன் ஆதன் என்னும் பெயர்கள் தமிழி எழுத்தில் காணப்படுகின்றன. கடல் கடந்த சான்றும் உண்டு. தாய்லாந்தின் குவான் லுக் பாட்டில் கிடைத்த, பொன் உரைக்கும் கல்லொன்றில் 'பெரும்பதன் கல்' என்று பொறிக்கப்பட்டுள்ளது. அது கி.பி. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டினது என அறிஞர் கருதுவர்.

1885இல் தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே இருப்புப்பாதை திறக்கப்பட்டது. இருப்புப்பாதைப் பணிகளுக்கு வந்த யாழ்ப்பாணத்தாரிடையே கந்தையா, பொன்னம்பலம், நாகலிங்கம் முதலிய பெயர்கள் மிகுதி. பின்னர் இரப்பர்த் தோட்டங்களுக்கு வந்தோர் தத்தம் ஊர்த் தெய்வங்களைப் பெயரிலேயே கொணர்ந்தனர். ஏழுமலை, முனுசாமி என்பன பெரும்பாலும் தமிழகத்தின் வடபகுதியையும், சுடலைமுத்து, மாடசாமி என்பன நெல்லைச் சீமையையும் நினைவூட்டுவன. எழுத்தறியாதார்க்கும் பெயரே ஊர்ச்சான்றாயிற்று.

இவற்றுள் உள்ளத்தை உருக்குவன குப்புசாமி, பிச்சைமுத்து போன்றவை. பிறந்த மக்கள் அடுத்தடுத்து மாண்ட வீட்டில், பின் பிறந்த மகவைக் குப்பைமேட்டில் கிடத்தியெடுத்துக் குப்பன், குப்புசாமி என அழைப்பர். பிச்சையாக ஏற்ற பிள்ளை என்று பிச்சை எனவும் பெயரிடுவர். எவரும் விரும்பாப் பொருளின் பெயரைச் சூட்டினால் கூற்றுவனும் நாடான் என்பது நம்பிக்கை. இப்பெயர்களை எள்ளி நகைக்கும் மாணவன், அவற்றுள் உறையும் தாயின் அச்சத்தை அறியான்.

1916இல் தனித்தமிழ் இயக்கம் தோன்றியது. வேதாசலம் மறைமலையடிகள் ஆனார். தமிழகத்தில் நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார். இராமையா அன்பழகன் ஆனார். 1929இன் இறுதியில் பெரியார் மலாயாவுக்கு வந்தார். 1935இல் சிங்கப்பூரில் 'தமிழ் முரசு' தோன்றியது. இத்தகைய சீர்திருத்த எழுச்சியின் பயனாய், இந்நாட்டிலும் செழியன், இளங்கோ, நெடுமாறன், எழிலன் எனப் பிள்ளைகள் அழைக்கப்பெற்றனர்.

மலேசியத் தமிழர் தம் பெயருக்குப் பின் 'அனாக் லெலாக்கி' என்னும் மலாய்த் தொடரும் தந்தை பெயரும் எழுதப்படுதல் வழக்கம். மகன் என்பதே அதன் பொருள். குப்புசாமியின் மகன் செழியன் என ஒருவர் பெயர் அமையுமாயின், ஒரே வரியில் இரண்டு காலங்களை நாம் படிக்கின்றோம்.

இன்று எண்கணிதமும் ஓசைநயமும் பெயரைத் தீர்மானிக்கின்றன, பொருள் பின்தள்ளப்படுகின்றது. புதுப்பெயர் இடுதல் குற்றமன்று. ஆனால் பழம்பெயரின் பொருள் அறியப்படாது மறைதல் இழப்பே. தோட்டத் தொழிலுக்கு உதவிபெற்று வருதல் 1938இல் நின்றது. அவ்வாறு வந்தோர் பெரும்பாலும் மறைந்துவிட்டனர். எனவே தமிழாசிரியர்கள் தம் மாணவரிடம், பாட்டனாரின் பெயர் யாது, அதன் பொருள் யாது, அதை இட்டவர் யார் என்று வினவி எழுதச் செய்தல் வேண்டும். எழுதப்படாத நம் வரலாற்றின் ஒரு பகுதி, வகுப்பறையின் வருகைப் பதிவேட்டிலேயே தந்தை பெயராய்க் காத்திருக்கின்றது.