புது நத்தை தென்பட்டால் கொல்லும் முன் அடையாளம் காணுங்கள்

மழைக்காலம் தொடங்கியதும் காய்கறி, பப்பாளி, வாழைத் தோட்டங்களில் நத்தைகள் வெளிவரும். இதுவரை பார்க்காத நத்தையைக் கண்டவுடன் உப்பைத் தூவுவது பலரின் வழக்கம். ஆனால் எல்லா நத்தையும் பயிரைத் தின்பதில்லை. நம் மண்ணுக்குரிய நத்தைகள் பல உதிர்ந்த இலை, பூஞ்சை, பாசி ஆகியவற்றைத் தின்று மண்ணுக்கு உரமாக்குகின்றன. சில சிறு நத்தைகள் மற்ற நத்தைகளையே இரையாக்குகின்றன.

மேற்குத் தொடர்ச்சி மலையில் இன்றும் புதிய இனங்கள் கண்டறியப்படுகின்றன. மகாராஷ்டிராவின் அம்போலியில் வாழும் வராடியா அம்போலியென்சிஸ் என்ற நத்தை 2021-ல்தான் அறிவியல் பெயர் பெற்றது. உடலை உள்ளே இழுத்துக்கொள்ள முடியாத அளவுக்கு அதன் ஓடு சிறியது. ஓட்டின் வடிவம், நாக்கிலுள்ள பல் வரிசை, இனப்பெருக்க உறுப்பின் அமைப்பு, மரபணு ஆகியவற்றை ஆராய்ந்தே ஒரு நத்தையைப் புதிய இனம் என்று முடிவு செய்வார்கள். வயலில் நின்று அதைச் சொல்ல முடியாது. ஆனால் பயிருக்குப் பெரும் கேடு செய்யும் ராட்சத ஆப்பிரிக்க நத்தையை வயலிலேயே அடையாளம் காணலாம்.

ராட்சத ஆப்பிரிக்க நத்தையின் அடையாளங்கள்

கிழக்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இந்த நத்தை 1847-ல் மொரீஷியஸிலிருந்து கொல்கத்தாவுக்குக் கொண்டுவரப்பட்டது.

• ஓடு கூம்பு வடிவில், அகலத்தைவிட நீளம் அதிகமாக இருக்கும். வளர்ந்த நத்தையின் ஓடு சாதாரணமாக 7 முதல் 10 செ.மீ. நீளம் இருக்கும்.
• ஓட்டில் 7 முதல் 9 சுருள்களும், பழுப்பு நிறத்தில் நெடுக்குப் பட்டைகளும் காணப்படும்.
• ஓட்டின் வாய்க்குள் தெரியும் நடுத்தண்டு, அடியில் வெட்டிவிட்டதுபோல் முடியும்.
• முட்டைகள் ஏறக்குறைய 5 மி.மீ. அளவில், வெளிர் மஞ்சள் நிறத்தில், மண்ணுக்குள் குவியலாக இருக்கும். ஒரு முறைக்கு 100 முதல் 400 முட்டைகள் வரை இடும்.
• சுண்ணாம்புச் சத்துக்காகச் சுவர்களில் ஏறிச் சுரண்டும்.

விட்டுவிட வேண்டியவை

வாயை மூட கெட்டியான மூடி உள்ள நத்தை, ராட்சத ஆப்பிரிக்க நத்தை அல்ல. தட்டையான ஓட்டில் கரும்பட்டை ஓடும் நத்தைகளில் பலவும் உள்நாட்டு இனங்கள். ஆனைமலை போன்ற மலைப்பகுதிகளில் சிவப்பு அல்லது மஞ்சள் உடலுடன் காணப்படும் இன்ட்ரெல்லா நத்தை உலகில் வேறெங்கும் இல்லாதது. இவற்றைக் கொல்ல வேண்டாம். உள்நாட்டு நத்தை நாற்றைக் கடித்தால் கையால் எடுத்து வரப்புக்கு அப்பால் விட்டால் போதும். குஞ்சு நத்தைகளைப் பிரித்தறிவது கடினம். சந்தேகம் இருந்தால் வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டிக் கேளுங்கள்.

கட்டுப்படுத்தும் முறைகள்

1. மாலையில் ஈரச் சாக்கு, பப்பாளி இலை அல்லது முட்டைக்கோஸ் இலையை ஆங்காங்கே பரப்பி வையுங்கள். அடியில் வந்து ஒதுங்கும் நத்தைகளை அதிகாலையில் பொறுக்குங்கள்.
2. பொறுக்கிய ஆப்பிரிக்க நத்தைகளை வாளியில் கெட்டியான உப்புக் கரைசலில் போட்டுக் கொன்று, ஆழமான குழியில் புதையுங்கள். உப்பை வயலில் தூவினால் மண்ணும் பயிரும் கெடும்.
3. களை, கல் குவியல், மட்டைக் குவியல்களை அகற்றுங்கள். மண்ணைக் கிளறி முட்டைக் குவியல்களை அழியுங்கள்.
4. ஒருவர் மட்டும் பொறுக்கினால் பக்கத்துத் தோட்டத்திலிருந்து மீண்டும் வரும். ஊராகச் சேர்ந்து, மழைக்காலம் முழுவதும் தொடர்ந்து செய்யுங்கள்.
5. தாக்குதல் கடுமையாக இருந்தால் மட்டும், வேளாண் அலுவலரின் பரிந்துரைப்படி மெட்டால்டிஹைடு 2.5 சதவீத குருணையைப் பயன்படுத்துங்கள். நாய், கோழி, ஆடு, மாடு தின்றால் உயிருக்கு ஆபத்து. இது உள்நாட்டு நத்தைகளையும் கொல்லும்.

எச்சரிக்கை

நத்தையை வெறும் கையால் தொடக்கூடாது. மூளைக் காய்ச்சலை உண்டாக்கும் எலி நுரையீரல் புழு இதில் இருக்கலாம். கையுறை அணியுங்கள், பிறகு சோப்புப் போட்டுக் கைகழுவுங்கள். கீரை, காய்கறிகளை நன்றாகக் கழுவிச் சமையுங்கள்.

நாற்று, வாழைக்கன்று, தொழு உரம் வழியாகவே இந்த நத்தை ஊர் விட்டு ஊர் பரவுகிறது. வாங்கி வந்ததும் சோதித்துப் பாருங்கள்.

அடையாளம் தெரியாத நத்தையை அளவுகோல் அருகில் வைத்து, ஓட்டின் முதுகுப்புறம், வாய்ப்புறம் இரண்டையும் படம் எடுங்கள். ஊர், தேதி, பயிர் ஆகியவற்றைக் குறித்து, அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்துக்கு அனுப்புங்கள். பதில் வரும் வரை மருந்து வைக்க வேண்டாம்.