பால்பற்களும் கதிரியக்கத் தூசியும்: செயின்ட் லூயிஸ் அணுசக்தித் தகவல் குழு

செயின்ட் லூயிஸ் அணுசக்தித் தகவல் குழு என்பது, அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் உள்ள செயின்ட் லூயிஸ் நகரில் 1958ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இலாப நோக்கற்ற அமைப்பாகும். அணுகுண்டுச் சோதனைகளால் பரவும் கதிரியக்கத்தைப் பற்றிய அறிவியல் செய்திகளைப் பொதுமக்களுக்கு எளிய மொழியில் சொல்வது இதன் நோக்கம். தாவர உயிரியல் அறிஞர் பேரி காமனர், மருத்துவர்களான எரிக் ரெய்ஸ், அவருடைய மனைவி லூயீஸ் ரெய்ஸ் ஆகியோர் இதில் முக்கியமானவர்கள். காமனர் பணியாற்றிய வாஷிங்டன் பல்கலைக்கழகம் இந்நகரில்தான் உள்ளது. பெயரைப் பார்த்து அது தலைநகரில் இருப்பதாக எண்ணிவிடக் கூடாது.

பின்னணி

அமெரிக்கா 1951 முதல் நெவாடா பாலைவனத்தில் அணுகுண்டுகளைச் சோதித்து வந்தது. வெடிப்பில் எழுந்த தூசி காற்றோடு ஆயிரம் மைல்களுக்கும் மேல் பயணம் செய்து, மழையோடு புல்வெளிகளில் இறங்கியது. அத்தூசியில் இருந்த ஸ்ட்ரான்சியம்-90 என்ற கதிரியக்கப் பொருள், வேதிப் பண்பில் கால்சியத்தை ஒத்தது. எனவே புல்லிலிருந்து பசுவுக்கும், பசுவின் பாலிலிருந்து குழந்தைக்கும் சென்று, எலும்பிலும் பல்லிலும் தங்கிவிடும். அதன் அளவு பாதியாகக் குறையவே ஏறத்தாழ 29 ஆண்டுகள் ஆகும்.

சோதனைகளால் மக்களுக்குக் கவலைப்படும் அளவுக்கு ஆபத்து இல்லை என்று அரசின் அணுசக்தி ஆணையம் கூறிவந்தது. குண்டு செய்வதும் அந்த ஆணையமே, குண்டின் தீங்கை அளந்து சொல்வதும் அந்த ஆணையமே. மாணவனே தன் விடைத்தாளைத் திருத்துவது போன்ற ஏற்பாடு இது.

பால்பல் ஆய்வு

உயிரோடிருக்கும் குழந்தையின் எலும்பை எடுத்துச் சோதிக்க முடியாது. ஆனால் பால்பல் தானாகவே விழும். டென்மார்க்கில் பிறந்த உயிர்வேதியியல் அறிஞர் ஹெர்மன் கால்க்கர், பால்பற்களைத் திரட்டிக் கதிரியக்கத்தை அளக்கலாம் என்று 1958 ஆகஸ்டில் 'நேச்சர்' இதழில் எழுதினார். அந்த ஆண்டு டிசம்பரிலேயே குழு வேலையைத் தொடங்கியது. லூயீஸ் ரெய்ஸ் தலைமை ஏற்றார்.

பள்ளிகள், நூலகங்கள், பல் மருத்துவர்கள் வழியாகப் படிவங்கள் சென்றன. குழந்தை பிறந்த நாள், கருவுற்ற காலத்தில் தாய் வசித்த ஊர், குழந்தை குடித்தது தாய்ப்பாலா புட்டிப்பாலா என்பவற்றைத் தாய்மார் எழுதி, பல்லோடு சேர்த்து அனுப்பினர். விழுந்த பல்லைத் தலையணைக்கு அடியில் வைத்தால் தேவதை காசு வைத்துவிட்டுப் போவாள் என்பது அந்நாட்டுக் குழந்தைகளின் நம்பிக்கை. அந்தப் பல்லை விட்டுக்கொடுத்த குழந்தைக்கு, 'என் பல்லை அறிவியலுக்குக் கொடுத்தேன்' என்ற பொருள்பட அச்சிட்ட சட்டைப் பொத்தான் கிடைத்தது. வந்த பற்களைப் பிரித்து வகைப்படுத்தியோர் பெரும்பாலும் நகரத்துப் பெண்கள், ஊதியம் பெறாதவர்கள். 1970 வரை ஏறத்தாழ 3,20,000 பற்கள் சேர்ந்தன.

படிவம் நிரப்பிய ஒவ்வொரு தாயும், பால் ஏன் கேட்கப்படுகிறது, ஊர் ஏன் கேட்கப்படுகிறது என்று யோசித்திருப்பார். நூறு சொற்பொழிவுகள் செய்யாத வேலையை அந்த ஒரு தாள் செய்தது எனலாம்.

முதல் முடிவுகள் 1961 நவம்பரில் 'சயின்ஸ்' இதழில் வெளியாயின. 1950களின் தொடக்கத்தில் பிறந்த குழந்தைகளின் பற்களில் ஸ்ட்ரான்சியம்-90 ஆண்டுதோறும் கூடிவந்தது தெரிந்தது. பின்னர் 1963இல் பிறந்தவர்களின் பற்களை அளந்தபோது, 1950இல் பிறந்தவர்களைவிட ஏறத்தாழ 50 மடங்கு இருந்தது. இதனால் எத்தனை பேர் நோயுற்றனர் என்பதை இந்த ஆய்வு சொல்லவில்லை. அதைச் சொல்வதற்காக நடந்த ஆய்வும் அன்று.

குழுவின் கொள்கை

சோதனையை நிறுத்து என்று குழு முழக்கமிடவில்லை. இவ்வளவு ஆபத்து இருக்கிறது என்று அளந்து சொல்வது அறிஞர் வேலை, அதை ஏற்பதா மறுப்பதா என்று முடிவு செய்வது குடிமக்கள் உரிமை என்பது காமனரின் வாதம். இதைக் கோழைத்தனம் என்று சிலர் நினைக்கலாம். ஆனால் அணு எதிர்ப்பாளர்களைக் கம்யூனிஸ்டுகள் என்று தூற்றிய அந்தக் காலத்தில், கட்சி சாராத எண்களுக்கு இருந்த மதிப்பு முழக்கங்களுக்கு இல்லை.

வளிமண்டலத்திலும் விண்வெளியிலும் நீருக்கடியிலும் சோதனைகளைத் தடை செய்யும் உடன்படிக்கையில் அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், பிரிட்டன் ஆகியவை 1963 ஆகஸ்ட் 5 அன்று மாஸ்கோவில் கையொப்பமிட்டன. அதுபற்றி அமெரிக்க செனட் விசாரித்தபோது எரிக் ரெய்ஸ் பல் ஆய்வை எடுத்துரைத்துச் சாட்சியம் அளித்தார். உடன்படிக்கைக்குப் பற்கள் மட்டுமே காரணம் என்பது மிகை. அதற்கு முந்தைய ஆண்டின் கியூபா நெருக்கடி தலைவர்களை ஏற்கெனவே உலுக்கியிருந்தது. மேலும் நிலத்தடிச் சோதனைகள் தொடர்ந்தன. கையொப்பமிடாத சீனா 1980 வரை வளிமண்டலத்தில் வெடித்தது.

பிற்காலம்

1960களில் குழு பூச்சிமருந்து, காற்று மாசு ஆகியவற்றுக்கும் தன் பணியை விரித்து, சுற்றுச்சூழல் தகவல் குழு எனப் பெயர் மாறியது. 'நியூக்ளியர் இன்ஃபர்மேஷன்' என்ற அதன் இதழ் 1969இல் 'என்விரான்மென்ட்' ஆனது.

ஆய்வில் பயன்படாத சுமார் 85,000 பற்கள் 2001இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் டைசன் ஆய்வு மையத்தில் கண்டெடுக்கப்பட்டன. இரண்டாம் உலகப் போர்க் காலத்து வெடிமருந்துக் கிடங்கு ஒன்றில், சிறு உறைகளில், பல் கொடுத்த குழந்தைகளின் விவர அட்டைகளோடு அவை இருந்தன. முதுமையை எட்டிவிட்ட அக்குழந்தைகளைத் தேடிக் கண்டுபிடித்து, இளமையில் உடலில் சேர்ந்த உலோகங்கள் பிற்கால நினைவாற்றலைப் பாதிக்கின்றனவா என்று ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்தப் பற்களைக் கொண்டு ஆராய்ந்து வருகின்றனர்.